படுக்கையறை வழியாகத் திரும்பிய கரண்ட்

அவரை ‘ஒத்தை சுவிட்ச்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். பெற்றோர் வைத்த பெயர் வயர்மேன் லைசென்ஸில் இருக்கிறது. லைசென்ஸ் பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி மனைவியிடம் இருக்கிறது. அதனால் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவில்லை.

பட்டப்பெயர் வந்தது மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து. மருந்துக்கடைக்காரர் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனால், போன வழியெல்லாம் விளக்கெரியும். அவர் மனைவி பின்னாலேயே போய் அணைத்துக்கொண்டு வருவார். இருபது வருட இல்லறத்தில் இருவரும் ஒரே அறையில் சேர்ந்து நின்றதே அபூர்வம் என்று சொல்வார்கள். ஒருநாள் அந்த அம்மாள் வயர்மேனைக் கூப்பிட்டு, “இந்த மனுஷனைத் திருத்த முடியாது. லைட்டையாவது திருத்துங்க. எல்லாத்தையும் ஒரே சுவிட்ச்சுல போடுங்க. ஒரு தட்டு தட்டினா மொத்த வீடும் அணையணும்,” என்றார்.

போட்டார். வராந்தா, ஹால், நடை, மாடிப்படி என்று ஒன்பது விளக்குகள், ஒரே சுவிட்ச். அதைத் தட்டிப் பார்க்கத் தெருவே வந்தது. ‘டக்’ என்றால் வெளிச்சம், ‘டக்’ என்றால் இருட்டு. ஒரு குடும்பம் மொத்தமும் ஒரே நேரத்தில் ஒரு விஷயத்துக்குக் கட்டுப்படுவதை அந்தத் தெரு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. அடுத்த வாரமே இரண்டு வீடுகளில் கேட்டார்கள். இப்படியே சில வருடங்களில் பதினோரு வீடுகள். வக்கீல் வீட்டில் பத்து விளக்கு என்றால், தலைமையாசிரியை வீட்டில் பன்னிரண்டு. இரும்புக்கடைக்காரர் பதினாறு கேட்டார். வீட்டில் அத்தனை இடமில்லாததால் மாடிப்படியில் இரண்டு படிக்கு ஒரு விளக்கு வைக்க வேண்டியதாயிற்று.

மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் ஒரே சுவிட்ச் என்று வந்தபிறகு அதை யாராலும் அணைக்க முடியவில்லை. மாமனார் குளியலறைக்குப் போயிருப்பார், மகள் மாடிப்படியில் இருப்பாள், யாரோ எங்கோ வெளிச்சத்தை நம்பி ஒரு காலைத் தூக்கியிருப்பார்கள். அணைத்தால் ஐந்து இடங்களிலிருந்து ஐந்து குரல் கேட்கும். ஆகவே காலையிலிருந்து படுக்கப்போகும் வரை அந்தப் பதினோரு வீடுகளிலும் சுவிட்ச் கீழே அமுங்கியபடியே கிடந்தது. கௌரவத்துக்கு ஆகும் செலவு என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு சங்கதி வயர்மேனுக்கு மட்டும் தெரியும்.

கரண்ட் ஒரு வயரில் வந்து விளக்கை எரித்துவிட்டு இன்னொரு வயரில் திரும்பிப் போகும். திரும்பும் வயருக்கு நியூட்ரல் என்று பெயர். ஹாலுக்கு வந்த கரண்ட் ஹாலுக்குரிய நியூட்ரலிலேயே திரும்ப வேண்டும், படுக்கையறைக் கரண்ட் படுக்கையறை நியூட்ரலில். அதுதான் முறை. ஆனால் வீட்டின் நாலு மூலையிலும் இருக்கும் விளக்குகளை ஒரே சுவிட்ச்சுக்குக் கொண்டுவரும்போது, எல்லாவற்றுக்கும் நியூட்ரலைத் தனியாக இழுத்து வருவது பெரும்பாடு. சுவரை உடைக்க வேண்டும். சுவரை உடைத்தால் வீட்டுக்காரர்கள் முகம் உடையும். பக்கத்திலேயே படுக்கையறை விளக்கின் பெட்டி இருக்கிறது, அதற்குள் ஒரு நியூட்ரல் சும்மாதானே இருக்கிறது. அதோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஹால் விளக்குகள் பளிச்சென்று எரியும். கரண்டுக்கு எந்த வழியாகத் திரும்பினால் என்ன?

கரண்டுக்கு ஒன்றுமில்லை. மனிதனுக்குத்தான். யாராவது ஒருவர் படுக்கையறை விளக்கைக் கழற்ற வருவார். ஒழுங்கான ஆளாக இருந்தால், படுக்கையறைக்கு வரும் கரண்டை நிறுத்தும் டிரிப்பரை அணைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார். டெஸ்டரில் பார்ப்பார், ஒன்றும் காட்டாது. நியூட்ரல் முறுக்கைப் பிரிப்பார். பிரித்த நொடியில் ஹால் விளக்கெல்லாம் அணையும். அந்த விளக்குகள் வழியாக வந்து திரும்ப வழியில்லாமல் நிற்கும் கரண்ட் முழுதும் அவர் கையிலிருக்கும் வயர் நுனியில் நிற்கும்.

இது அவருக்குத் தெரியாதா? தெரியும். இதற்கு அவரிடம் ஒரு பதிலும் இருந்தது. ‘என் வேலையை என்னைத் தவிர எவன் திறக்கப்போறான்?’ பன்னிரண்டு வருடங்கள் அந்தப் பதில் நன்றாகவே வேலை செய்தது. ரிப்பேர் என்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் போய், மெயினையே அணைத்துவிட்டுத் திறந்தார். ‘என் லைன்ல இதுவரைக்கும் ஒரு ஈ செத்ததில்ல’ என்று சொல்லிக்கொண்டு இறங்குவார்.

பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் வலது கை. ஸ்குரூ ஒரு பக்கம் இருக்கும், ஸ்குரூடிரைவர் இன்னொரு பக்கம் போகும். ‘டீ அதிகமா குடிச்சிட்டேன்’ என்றார். டீயை நிறுத்தினார். இடது கையும் நடுங்கியது. டாக்டர் அவரை ஒரு காகிதத்தில் கோடு போடச் சொன்னார். அவர் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு, “இனிமே ஏணியில ஏறக்கூடாது,” என்றார்.

“தரையில நின்னு எந்த வயர்மேன் சார் வேலை பார்த்திருக்கான்?”

“தரையில நிக்கறவங்களுக்கு வேற வேலை இருக்கு,” என்றார் டாக்டர், எந்த வேலை என்று சொல்லாமல்.

அன்றிலிருந்து பதினோரு வீடுகளையும் திறக்க வேறு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவர் ‘டேப்பு’. இவரும் வயர்மேன்தான், போட்டிக்காரர். ஓர் இணைப்புக்கு அரைச் சுருள் டேப் சுற்றுவார், அதனால் அந்தப் பெயர். இருவரும் பதினைந்து வருடமாக ஒரே டீக்கடையில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமலே டீ குடித்தவர்கள். அந்த டேப்பு ஒரு காலை நேரத்தில் ஒத்தை சுவிட்ச்சின் வீட்டுக்கு வந்து, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கட்டைவிரலில் பெரிய கட்டு. விரலுக்கும் அரைச் சுருள் சுற்றியிருந்தார்கள்.

“மருந்துக்கடை வீட்டுக்குப் போயிருந்தேண்ணே. பெட்ரூம் லைட்டை மாத்தணும்னாங்க.”

ஒத்தை சுவிட்ச் அந்தக் கட்டையே பார்த்தார்.

“பெட்ரூம் டிரிப்பரை ஆஃப் பண்ணேன். டெஸ்டர் வெச்சுப் பார்த்தேன். செத்துக்கிடந்துச்சு. முறுக்கைப் பிரிச்சேன். ஹால்ல லைட் போச்சுன்னு அந்தம்மா கத்தறது காதுல விழுந்துச்சு. அப்புறம் நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கிடந்தேன்.”

“அடி பலமா?”

“கட்டில் மெத்தை நல்ல மெத்தை. அது மட்டும் இல்லேன்னா என் பொண்டாட்டி இன்னிக்கு உங்ககிட்ட வந்து பேசிட்டிருப்பா.” டேப்பு குரலைத் தாழ்த்தினார். “அதைச் சரி பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. எத்தனை வீடுண்ணே?”

“பதினொண்ணு.”

“எல்லாமே இப்படித்தானா?”

ஒத்தை சுவிட்ச் தன் கைகளைப் பார்த்தார். அவை அவருக்குப் பதிலாகத் தலையாட்டிக்கொண்டிருந்தன.

டேப்பு போனபிறகு மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றார். அவருக்கு வயரிங் தெரியாது. ஆனால் வீட்டுக்காரரைத் தெரியும்.

“ஏங்க, நம்ம வீட்டுல ஏன் ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு சுவிட்ச் வெச்சிருக்கீங்க? நானும் எத்தனையோ தடவை கேட்டேன், எனக்கும் ஒத்தை சுவிட்ச் போட்டுத் தாங்கன்னு. ஆடம்பரம் வேணாம்னு சொன்னீங்க.”

“அது...”

“ஆடம்பரம் இல்ல. பயம்.”

அவர் சண்டைக்கு வந்திருந்தால் பரவாயில்லை. அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கும் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. அதுதான் இவருக்கு அதிகம் கலக்கமாக இருந்தது.

மறுநாளே கிளம்பினார். மீதி பத்து வீடுகள். யாராவது ஒருவர் ஏணி போடுவதற்குள் ஒவ்வொன்றையும் சரிசெய்துவிட வேண்டும். டேப்பு ஏறுவார், இவர் கீழே நின்று எந்தப் பெட்டி என்று காட்டுவார் என்று ஏற்பாடு. டேப்பு கூலி வேண்டாம் என்றுவிட்டார். “எனக்குக் கூலி வேணாம். என் கட்டைவிரலுக்குத் தூக்கம் வந்தா போதும்.”

ஆனால் என்ன சொல்லி உள்ளே போவது? ‘நான் தப்பு செய்தேன்’ என்று சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருடம் சேர்த்த பெயர் அது. அவரிடம் வேறு சேமிப்பும் கிடையாது. ஆகவே வேறொன்று சொன்னார்.

“வயர் பழசாயிடுச்சுங்க. ஒரு தடவை பார்த்துடலாம். சும்மாதான், ஒண்ணும் தரவேணாம்.”

சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்கு வீடு சந்தேகம் பிறந்தது. காசு கேட்கும் வயர்மேனைப் பேரம் பேசி அடக்கலாம், காசு வேண்டாம் என்கிற வயர்மேனை என்ன செய்வது? ஓர் அம்மாள் அவரை வாசலில் நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டம்மாளைத் துணைக்குக் கூப்பிட்டார். இன்னொருவர், “லைட்டெல்லாம் நல்லா எரியுது. வந்ததுதான் வந்தீங்க, அந்த மிக்சியைப் பாருங்க,” என்றார். மிக்சியைப் பார்த்துக் கொடுத்தார். லைட்டைத் தொட விடவில்லை.

வக்கீல் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். “வயர் பழசுன்னு நீங்க சொல்றதை எழுத்துல குடுங்க.”

“குடுக்கறேங்க.”

“குடுக்காதீங்க. குடுத்தா நான் உங்க மேலயே கேஸ் போடவேண்டியிருக்கும். எழுதாம போங்க, ரெண்டு பேருக்கும் நல்லது.” இதைச் சொல்லிவிட்டு ஆலோசனை இலவசம் என்று பெருந்தன்மையாகக் கதவைச் சாத்தினார்.

மூன்று வாரத்தில் நான்கு வீட்டில் உள்ளே விட்டார்கள். நான்கிலும் டேப்பு மெயினை அணைத்துவிட்டு ஏறினார். சுவரை உடைக்காமல் வெளியே ஒரு குழாய் ஓட்டி, அதன் வழியே ஹாலுக்குரிய நியூட்ரலைக் கொண்டுவந்து சேர்த்தார். நான்கிலும் கீழே நின்ற ஒத்தை சுவிட்ச் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை நடுங்கியதில் ஏணியும் நடுங்கியது. “அண்ணே, விட்டுடுங்க. நீங்க பிடிச்சாத்தான் பயமா இருக்கு,” என்றார் டேப்பு.

மீதி ஆறு வீட்டுக்காரர்கள் வாசலோடு அனுப்பினார்கள். அவருக்குத் தூக்கம் போனது. தெருவில் யாராவது ஏணியைத் தோளில் சுமந்து போனால் பின்னாலேயே போய், எந்த வீட்டில் இறக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். பெயிண்ட் அடிப்பவர்கள் முதலில் விளக்கைத்தான் கழற்றுவார்கள் என்பதால் பெயிண்ட் கடைக்காரரிடம் போய், யார் யார் வாங்குகிறார்கள் என்று விசாரித்தார். வேலை போனதில் மூளை கலங்கிவிட்டது என்று தெருவில் பேச்சு வந்தது. ‘மெயினை அணைக்காமல் எந்த விளக்கையும் கழற்றாதீர்கள்’ என்று காகிதங்களில் எழுதி ஆறு வீட்டுக்கும் கொண்டுபோனார். நடுங்கும் கையால் எழுதியதில் அது எச்சரிக்கை மாதிரி இல்லை, பேய் போட்ட கையெழுத்து மாதிரி இருந்தது. ஐந்து வீட்டில் வாங்கிச் சுருட்டினார்கள். தலைமையாசிரியை மட்டும் முழுதும் படித்தார். சிவப்புப் பேனாவில் இரண்டு பிழை திருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

இந்தத் தலைமையாசிரியை ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. ஆனால் அது பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. முதல் தடவை இவர் போனபோதே கேட்டுவிட்டார். “வயர் பழசுன்னா? நீங்க போட்ட வயர்தானே? பன்னிரண்டு வருஷத்துல பழசாகற வயரையா என் வீட்டுல போட்டீங்க?” இவர் கேட்டைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாவது தடவை போனபோது கேட்டைத் திறக்கவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி. மனைவி கடையிலிருந்து வந்தவர் பையைக் கீழே வைக்காமலே சொன்னார். “டீச்சர் வீட்டுல பெயிண்ட் அடிக்கறாங்க. காலையில ஆள் வந்தாச்சாம். பெட்ரூம்லருந்து ஆரம்பிக்கறாங்களாம்.”

அவர் சட்டைப் பொத்தானைப் போட முயன்றார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. மனைவி பையை வைத்துவிட்டு வந்து போட்டுவிட்டார். டேப்பு வந்துபோன பிறகு அவர் இவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. “டேப்புவுக்குப் போன் போட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க போங்க,” என்றார். டேப்பு எடுக்கவில்லை. எங்கோ ஏணியில் இருந்திருப்பார்.

நான்கு தெரு தள்ளி வீடு. ஓடினார் என்று சொல்ல முடியாது, ஆனால் நடக்கவில்லை. கேட் உள்ளே பூட்டியிருந்தது. வராந்தாவின் இரண்டு விளக்குகளும் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. திறந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. சாமான்கள் மேல் பழைய போர்வைகள், ஜன்னல்களை அடைத்த செய்தித்தாள்கள், அத்தனை விளக்கும் எரிந்தன. வலது பக்கம் படுக்கையறை ஜன்னல், அதில் செய்தித்தாள் ஒரு மூலையில் விலகியிருந்தது. உள்ளே ஏணி, ஏணியில் பெயிண்டர், காதில் பாட்டுக் கேட்கும் வயர். தலைக்கு மேலே கழன்று பாதி தொங்கும் விளக்கு.

ஹால் விளக்குகள் எரிகின்றன. அப்படியென்றால் முறுக்கு இன்னும் பிரியவில்லை. எரியும்வரை அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். தான் போட்ட விளக்குகளை அவர் அன்றுதான் இமைக்காமல் பார்த்தார்.

“ஏப்பா பெயிண்டர்! தொடாதப்பா!”

பெயிண்டர் பாட்டுக்குத் தலையாட்டினார். தலைமையாசிரியைதான் வந்தார், கையில் மூக்குக்கண்ணாடியோடு.

“மறுபடியுமா?”

“டீச்சர், மெயினை அணைங்க. இப்பவே.”

“அந்தத் தம்பி பெட்ரூம் டிரிப்பரை அணைச்சிட்டுத்தான் ஏறியிருக்கார். நானே நின்னு பார்த்தேன். உங்களைவிடப் பொறுப்பான ஆள்.”

“அது போதாது டீச்சர். சரி, மெயின் வேணாம். ஹால் சுவிட்ச். அந்த ஒரு சுவிட்ச்சைத் தட்டுங்க, போதும்.”

“ஜன்னலெல்லாம் அடைச்சிருக்கு. இருட்டுல நான் எங்க போய் முட்டிக்கறது? என் வீட்டுல எந்த லைட்டை எப்ப அணைக்கணும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு வேலை இல்லேங்கறது எனக்கும் வருத்தம்தான். அதுக்காக வீடு வீடா போய் வயர் பழசாயிடுச்சுன்னு பயமுறுத்தறது...”

“வயர் பழசில்ல டீச்சர்.”

ஜன்னலுக்குள் பெயிண்டர் இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார்.

“வயர் நல்ல வயர். நான்தான் தப்பாப் போட்டேன். ஹால் கரண்டை பெட்ரூம் வழியாத் திருப்பிவிட்டேன். சுவரை உடைக்கச் சோம்பல். தெரிஞ்சேதான் செஞ்சேன். பதினோரு வீட்டுலயும் அப்படித்தான் செஞ்சேன். வேற யாரும் திறக்கமாட்டாங்கன்னு நினைச்சேன்.” கேட்டின் கம்பியைப் பிடித்திருந்த கைகளில் கேட்டே கடகடவென்று ஆடியது. “என் வீட்டுல அப்படிச் செய்யல டீச்சர். என் வீட்டுல மட்டும் ஒழுங்காப் போட்டேன். அந்த முறுக்கை அவர் பிரிச்சா அவர் கையில முழுக் கரண்டும் நிக்கும்.”

வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் சொன்ன காரணங்களை நாற்பது வருடம் கேட்டுப் பழகிய காது அது. பாட்டி செத்துப்போனது, மாடு நோட்டைத் தின்றது, மழை வந்தது. அவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒருத்தன் காரணமே சொல்லாமல் ‘எழுதல டீச்சர்’ என்பான். தலைமையாசிரியை கண்ணாடியைக்கூட மாட்டாமல் திரும்பி, வராந்தாப் படிகளை இரண்டிரண்டாக ஏறினார். கதவுக்குள் போனார்.

விளக்குகள் அணைந்தன.

வராந்தா, ஹால், நடை, எல்லாம் ஒரே நேரத்தில். வீடு குகை மாதிரி ஆனது. அணைத்தது டீச்சரின் விரலா, பெயிண்டரின் பிளேயரா என்று கேட்டுக்கு வெளியே நின்றவருக்குத் தெரிய வழியில்லை. ஜன்னலைப் பார்க்க வேண்டும். பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஏணி சரியும் சத்தத்துக்காகக் காது மட்டும் திறந்திருந்தது. எதிர்வீட்டில் யாரோ குழாயை மூடினார்கள். எங்கோ ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது.

“யாரும்மா லைட்டை அணைச்சது?” என்று உள்ளேயிருந்து எரிச்சலாக ஒரு குரல் வந்தது. “ஹால் வெளிச்சத்துல பார்த்துக்கிட்டு இருந்தேன்ல.”

அவர் கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தார்.

தலைமையாசிரியை பெயிண்டரை இறக்கி, மெயினையும் அணைத்துவிட்டு வந்தார். கேட்டைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. மேலிருந்து பார்த்தார்.

“அந்தத் தம்பி முறுக்கைப் பிரிச்சு வெச்சிருக்கார். பிரிச்சது லைட் போறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டேன். அவருக்கே தெரியல.”

இவர் கைகளைக் கூப்பினார்.

“மன்னிப்பெல்லாம் கேட்காதீங்க. கேட்டா குடுக்கமாட்டேன். இதை நான் தெரு முழுக்கச் சொல்லப்போறேன். இன்னிக்கே.”

“சொல்லுங்க டீச்சர்,” என்றார் அவர். அழுகிற குரல்தான், ஆனால் அவசரமாக இருந்தது. “தயவுசெஞ்சு சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா கேட்பாங்க. இன்னும் அஞ்சு வீடு இருக்கு.”

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய், காலண்டரில் கிழித்த தாளும் சிவப்புப் பேனாவுமாக வந்தார். சுவரில் தாளை வைத்து எழுதத் தயாரானார்.

“வரிசையாச் சொல்லுங்க. முதல்ல யார் வீடு?”

“வக்கீல் வீடு டீச்சர்.”

“எந்த ரூம்?”

“பின்பக்க பெட்ரூம். அலமாரிக்கு மேல இருக்கற பெட்டி.”

“அடுத்தது?”

“இரும்புக்கடை. அதுல ரெண்டு ரூம். அதை முதல்ல எழுதுங்க டீச்சர், அங்க மகள் கல்யாணத்துக்கு வீட்டைச் சரி பண்றாங்களாம்.”

தலைமையாசிரியை முதல் வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார்.